வாரம் ஐந்து மணி நேரத்தில் 160 கிலோமீட்டருக்குத் தயாராக முடியுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். புற்றுநோய் சிகிச்சைக்கு நிதி திரட்டும் ஒரு நாள் சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். தூரம் 160 கி.மீ., இன்னும் 14 வாரம் இருக்கிறது. முழுநேர வேலை, வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். இப்போது 30 கி.மீ. சிரமமில்லாமல் ஓட்டுகிறீர்கள். வாரத்துக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க வழியில்லை. இது போதுமா?

போதும். சில வார இறுதிகளில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், அதைப் பின்னால் சொல்கிறேன். முதல்முறை நீண்ட தூரம் போகிறவர்களைப் பல வருடங்களாகத் தயார்ப்படுத்தி வருகிறேன். பாதி வழியில் இறங்கிவிட்டவர்களிடம் காரணம் கேட்டால், மூச்சு வாங்கியது என்று சொல்பவர்கள் குறைவு. உட்காரும் இடம் எரிந்தது, உள்ளங்கை மரத்துப்போனது, கழுத்து பிடித்துக்கொண்டது, வயிறு எதையும் ஏற்கவில்லை என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அதனால் பயிற்சியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மூச்சுக்கும் காலுக்கும் வார நாட்களில் குறுகிய பயிற்சி. உட்காரும் இடம், கை, கழுத்து, வயிறு இவற்றுக்கு வார இறுதியில் ஒரு நீண்ட ஓட்டம்.

குறுகிய பயிற்சியால் என்ன பலன் வந்துவிடும் என்று தோன்றலாம். 2006ல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலாவின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. ஓர் அணி ஒவ்வொரு முறையும் 90 முதல் 120 நிமிடம் நிதானமாக மிதித்தது. இன்னோர் அணி 30 வினாடி முழு வேகத்தில் மிதித்து, 4 நிமிடம் இளைப்பாறி, மறுபடி மிதித்தது. ஒரு தடவைக்கு இப்படி 4 முதல் 6 சுற்று. இரண்டு வாரம் கழித்துத் தொடைத் தசையைச் சோதித்தபோது இரண்டு அணியிலும் மாற்றம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. நேரம் கிடைக்காதவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் தசை சீக்கிரம் கற்றுக்கொள்வதை உட்காரும் எலும்புக்குக் கீழே இருக்கும் தோல் கற்றுக்கொள்ளாது. அதைப் பழக்க மணிக்கணக்கில் சீட்டில் உட்கார்வதைத் தவிர வழியே இல்லை.

ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை. நாற்பதைத் தாண்டியவராக இருந்தாலோ, இதயக் கோளாறு, ரத்த அழுத்தம், சர்க்கரை ஏதாவது இருந்தாலோ மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஓட்டும்போது நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

வார நாட்களில் இரண்டே தடவை போதும். முதல் இரண்டு வாரம் இரண்டையும் நிதானமாகவே ஓட்டுங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஒன்றை மட்டும் கடினமாக்குங்கள். பத்து நிமிடம் உடம்பைச் சூடேற்றுங்கள். பிறகு நான்கு நிமிடம், நாலைந்து வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேச முடியாத வேகம். அடுத்து மூன்று நிமிடம் மெதுவாக. இப்படி நான்கு சுற்று, கடைசியில் ஐந்து நிமிடம் தணிவு. மொத்தமே 40 நிமிடம்தான். நான்காவது சுற்றையும் முதல் சுற்றின் வேகத்திலேயே முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் முதல் சுற்றில் அதிகமாகப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். ஆராய்ச்சியில் செய்த 30 வினாடி முழு வேகத்தை நான் புதியவர்களுக்குச் சொல்வதில்லை. முட்டிக்கு அது திடீர் சுமை, தெருவில் செய்யவும் ஆபத்தானது.

இன்னொரு நாள் நிதானமான ஓட்டம். முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே போகிற வேகம். வேலைக்கு சைக்கிளிலேயே போய்வர முடிந்தால் இதற்குத் தனியாக நேரமே ஒதுக்க வேண்டாம். போகும்போது மெதுவாக, வியர்க்காமல் போங்கள். திரும்பும்போது கொஞ்சம் சுற்றி வாருங்கள். பையை முதுகில் மாட்டாமல் சைக்கிளிலேயே கட்டிவிடுங்கள், தோள் தப்பிக்கும். குழந்தைகள் தூங்கிய பிறகுதான் நேரம் கிடைக்கும் என்றால் வீட்டுக்குள்ளேயே இன்டோர் டிரெய்னரில் (சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்தி மிதிக்க உதவும் தாங்கி) மிதிக்கலாம். அதில் இறக்கமும் இல்லை, சிக்னலும் இல்லை, கால் ஓய்வதே இல்லை. அதனால் அந்த 40 நிமிடம் தெருவில் ஒரு மணி நேரம் ஓட்டியதுபோல இருக்கும். மின்விசிறி மட்டும் கட்டாயம் வேண்டும். எதிர்க்காற்று இல்லாததால் உடம்பு சட்டென்று சூடாகி, வேகம் தானாக விழுந்துவிடும்.

இனி வார இறுதி ஓட்டம். முதல் மூன்று வாரம் 40, 50, 60 கி.மீ. நான்காவது வாரம் 40க்கு இறக்குங்கள். பிறகு 70, 80, 90. எட்டாவது வாரம் 55. அதற்குப் பிறகு 95, 105, கொஞ்சம் இறக்கி 70, பன்னிரண்டாவது வாரத்தில் 120. பதின்மூன்றில் 60. அடுத்தது பயண நாள். நடுவில் இறக்கும் வாரங்களை யாரும் விரும்புவதில்லை, நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்பார்கள். உடம்பு பலப்படுவது ஓட்டும் நேரத்தில் நடப்பதில்லை. ஓட்டி முடித்து ஓய்வெடுக்கும்போதுதான் நடக்கிறது, அந்த ஓய்வை நீங்கள் கொடுத்தாக வேண்டும். 160ஐ ஒரு தடவையாவது முன்கூட்டியே ஓட்டிப் பார்க்க வேண்டாமா என்றால், வேண்டாம். 120 ஓட்டியவர் அன்றைய கூட்டத்தோடும் நல்ல ஓய்வோடும் மீதி 40ஐ ஓட்டிவிடுவார். முன்கூட்டியே 160 ஓட்டினால் ஒரு வாரப் பயிற்சியையும் ஒரு வாரத் தூக்கத்தையும் இழப்பீர்கள்.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் 120 கி.மீ. என்பது ஆறு மணி நேரம். ஆக, 14 வாரத்தில் நான்கைந்து வார இறுதிகளில் உங்கள் ஐந்து மணி நேரம் போதாது, அரை நாளுக்கு மேல் போய்விடும். இதை முதல் வாரத்திலேயே வீட்டில் உட்கார்ந்து பேசி, காலண்டரில் அந்த நாட்களைக் குறித்துவிடுங்கள். துணைவருக்கும் அதே அளவு நேரம் வேறு நாட்களில் தனியாகக் கிடைக்கிற மாதிரி எழுதி வையுங்கள். சும்மா ஒப்புக்கு எழுதாமல் உண்மையாகவே அந்த நேரத்தைக் கொடுங்கள். பயிற்சி பாதியில் நின்றுபோகும் வீடுகளில் சிக்கல் பெரும்பாலும் தூரத்தால் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் திடீரென்று, "நான் கிளம்புகிறேன், மத்தியானம் வருகிறேன்" என்று சொல்வதால் வருகிறது. விடியற்காலையில் கிளம்பினால் குழந்தைகள் விழித்த கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடலாம். அதற்கு முதல் நாள் இரவே துணிமணி, தண்ணீர் பாட்டில், விளக்கு எல்லாம் கதவருகே எடுத்து வைத்திருக்க வேண்டும். இருட்டில் காலுறை தேடுகிற நேரத்தில்தான் பல ஓட்டங்கள் ரத்தாகின்றன.

சேர்ந்தாற்போல் நேரம் கிடைக்காத வாரத்தில் சனி மாலை 40, ஞாயிறு காலை 50 என்று பிரிக்கலாம். களைத்த காலோடு மறுநாள் ஓட்டுவதும் நல்ல பயிற்சிதான். ஆனால் 105, 120 இரண்டையும் மட்டும் பிரிக்காதீர்கள். நாலாவது மணி நேரத்துக்குப் பிறகு சீட்டில் என்ன ஆகிறது என்பது பிரித்து ஓட்டினால் தெரியவே தெரியாது.

சீட்டைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், பயணத்தைக் கெடுக்கும் முதல் எதிரி அதுதான். மெத்தை மாதிரி தடிமனான சீட் சுகமாக இருக்கும் என்று எல்லாரும் நினைப்பார்கள். கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது அப்படித்தான் இருக்கும். இரண்டு மணி நேரம் கழிந்ததும் உட்காரும் எலும்பு அந்த மெத்தைக்குள் புதைந்து, எலும்பு தாங்க வேண்டிய எடையை நடுவில் இருக்கும் மென்மையான சதையும் நரம்பும் தாங்கும். மரத்துப்போவது அதனால்தான். ஓரளவு கெட்டியான, உங்கள் எலும்பின் அகலத்துக்குப் பொருந்துகிற சீட்தான் நீண்ட தூரத்துக்கு உதவும். மெத்தை ஷார்ட்ஸில் இருக்கட்டும். பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடக் கூடாது. தையல் உரசி உரசிப் புண்ணாகிவிடும். உரசும் இடங்களில் அதற்கென்று விற்கும் கிரீமைத் தடவிக்கொள்ளலாம். வீடு திரும்பியதும் முதல் வேலை அந்த ஷார்ட்ஸைக் கழற்றிக் குளிப்பது. ஈரத்தோடு உட்கார்ந்து காபி குடித்தால் மறுநாள் கொப்புளம் வந்து நிற்கும். ஒருதடவை போட்டதைத் துவைக்காமல் மறுபடி போடாதீர்கள்.

ஓட்டும்போது பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை பெடல்மேல் எழுந்து நின்று பத்து மிதி மிதியுங்கள். ரத்தம் ஓடும், தோலுக்கு மூச்சு கிடைக்கும். அதே நேரத்தில் கையின் பிடியை மாற்றுங்கள், தோளைத் தளர்த்துங்கள், தலையை இடமும் வலமும் மெல்லத் திருப்புங்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போனால் உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்துங்கள், முழங்கையை விறைப்பாக நீட்டாமல் லேசாக மடக்கி வையுங்கள். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, எடை முழுக்கக் கையில் இறங்கும்.

முட்டி வலி வந்தால் முதலில் சீட்டின் உயரத்தைப் பார்க்க வேண்டும். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போல் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முட்டியில் லேசான மடிப்பு இருக்கும், ஏறக்குறைய 25 முதல் 35 டிகிரி. முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம், அல்லது கனமான கியரில் அழுத்தி மிதிக்கிறீர்கள். பின்பக்கம் வலித்தால் சீட் உயரமாக இருக்கலாம். ஒரே நேரத்தில் சில மில்லிமீட்டர் மட்டும் மாற்றி, இரண்டு மூன்று ஓட்டம் பார்த்துவிட்டு அடுத்ததை மாற்றுங்கள். கியரைக் குறைத்து நிமிடத்துக்கு 80, 90 சுற்று மிதிக்கப் பழகினால் முட்டிக்கு நிறைய நிம்மதி.

அடுத்தது வயிறு. தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து, கடினமாக மிதித்தால் ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்குத்தான் வரும். அதற்குப் பிறகு வெளியிலிருந்து கொடுக்கவில்லை என்றால் கால் திடீரென்று காலியாகிவிடும். கண் இருட்டும், எரிச்சல் வரும், சின்ன ஏற்றம்கூட மலையாகத் தெரியும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கும். ஆக மணிக்கு ஒரு பழமும் கொஞ்சம் சர்க்கரை கலந்த பானமும் என்றால் கணக்கு சரியாகிவிடும். பசி வரும்வரை காத்திருக்க வேண்டாம், கிளம்பி 45 நிமிடத்திலேயே தொடங்குங்கள். மிதித்துக்கொண்டே செரிக்க வைப்பதையும் வயிற்றுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதனால் பயண நாளில் என்ன சாப்பிடப் போகிறீர்களோ அதையே 80 கி.மீ.க்கு மேற்பட்ட ஒவ்வொரு ஓட்டத்திலும் சாப்பிடுங்கள். அன்று யாராவது இலவசமாகப் புது எனர்ஜி ஜெல் (பிழிந்து சாப்பிடும் சர்க்கரைக் கூழ்) நீட்டினால் நன்றி சொல்லி வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து சாப்பிடுங்கள்.

தண்ணீருக்கு எல்லாருக்கும் பொருந்துகிற ஒரே அளவு கிடையாது. உங்களுக்கு எவ்வளவு என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால், குடித்தது போக ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வைக் கடன் இருக்கிறது. கொஞ்சம் குறைவது இயல்பு. எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள், அது நல்லதில்லை: ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனால் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும், முற்றினால் உயிருக்கே ஆபத்து. வெயிலில் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராக ஊற்றிக்கொள்ளாமல் உப்பும் சேர்ந்து உள்ளே போகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் திட்டம் கட்டாயம் உடையும். ஒருவருக்குக் காய்ச்சல் வரும், இன்னொருவர் இரவெல்லாம் விழித்திருப்பார். தவறவிட்ட ஓட்டத்தை மறுநாள் சேர்த்து ஓட்டி ஈடுகட்டாதீர்கள். போனது போகட்டும், அடுத்ததிலிருந்து தொடருங்கள். முழு வாரம் போனால் விட்ட படியிலிருந்தே தொடருங்கள், இரண்டு வாரம் போனால் ஒரு படி இறங்கி வாருங்கள். உங்களுக்கே காய்ச்சலோ நெஞ்சில் சளியோ இருந்தால் சைக்கிளைத் தொடாதீர்கள். நான்கு மணி நேரம்கூடத் தூங்காத இரவுக்கு மறுநாள் கடினப் பயிற்சி வேண்டாம். தூங்குவதே அன்றைய பயிற்சி. 14 வாரத்தில் முக்கால்வாசி ஓட்டங்களை முடித்தவர்கள் நன்றாகவே போய்ச் சேர்வதைப் பார்த்திருக்கிறேன்.

பயணம் எத்தனை மணிக்குள் முடிய வேண்டும் என்ற பயம் பலருக்கு உண்டு. வேகத்தைக் கூட்ட முயல்வதற்கு முன்னால் நிற்கிற நேரத்தைப் பாருங்கள். மணிக்கு 20 கி.மீ. என்றால் 160க்கு எட்டு மணி நேரம். வாரக்கணக்கில் உழைத்து வேகத்தை 21 ஆக்கினால் 23 நிமிடம் மிச்சம். ஐந்து இடங்களில் நின்று, ஒவ்வொன்றிலும் 25 நிமிடத்துக்குப் பதிலாக 15 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 50 நிமிடம் மிச்சம், வியர்வையே சிந்தாமல். நிற்கும் இடம் வருவதற்கு முன்பே என்ன செய்ய வேண்டும் என்று மனதில் வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள்: பாட்டில், கழிப்பறை, சாப்பாடு, கிளம்பு. நீட்டி உட்கார்ந்தால் கால் விறைத்துவிடும், மறுபடி எழுவதுதான் பெரும்பாடு.

பஞ்சர் மாற்ற வீட்டிலேயே இரண்டு தடவையாவது பழகுங்கள், அதுவும் பின்சக்கரத்தில். செயினைப் பின்னால் இருக்கும் ஆகச் சிறிய பல்சக்கரத்துக்கு இறக்கிவிட்டுச் சக்கரத்தைக் கழற்றினால் திரும்ப மாட்டுவது சுலபம். டியூபை உருவியதும் புது டியூபைப் போட அவசரப்படாதீர்கள். டயரின் உட்பக்கம் முழுவதையும் ஒரு துணியால் மெல்லத் தடவுங்கள். முள்ளோ கண்ணாடித் துணுக்கோ இருந்தால் துணி அதில் மாட்டும். அதை எடுக்காமல் போட்டால் அடுத்த கிலோமீட்டரிலேயே புது டியூபும் போய்விடும். பிறகு டியூபுக்குக் கொஞ்சமாகக் காற்றடித்து, உருண்டை வடிவம் வந்ததும் உள்ளே வையுங்கள். டயரின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் மாட்டி நசுங்காது.

நிதி திரட்டுவதும் நேரம் பிடிக்கிற வேலைதான், அதை மறந்துவிடாதீர்கள். பயிற்சி லேசாக இருக்கும் முதல் ஐந்து வாரத்திலேயே அதில் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள். எல்லாருக்கும் ஒரே செய்தியைத் தட்டிவிட்டால் நல்வாழ்த்து நிறைய வரும், பணம் குறைவாகத்தான் வரும். ஒவ்வொருவருக்கும் தனியாக, பெயர் சொல்லி, யாருக்காக ஓட்டுகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதிக் கேட்டால் கொடுப்பார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, உங்களுக்காகக் கேட்கவில்லையே. 1980ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பில்லி ஸ்டார் என்பவர், புற்றுநோயில் தாயை இழந்த பிறகு, 36 பேரோடு தொடங்கிய பான்-மாஸ் சேலஞ்ச் என்ற நிதி திரட்டும் சைக்கிள் பயணத்தில் இன்று வருடந்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் ஓட்டுகிறார்கள். அவர்களில் பந்தய வீரர்கள் கொஞ்சம் பேர்தான், மற்றவர்கள் உங்களைப் போல வேலையும் வீடும் உள்ளவர்கள்.

கடைசி இரண்டு வாரம் தூரத்தைக் குறையுங்கள், வார நாட்களின் கடினப் பயிற்சியைச் சுற்று குறைத்துத் தொடருங்கள். சும்மா இருந்தால் கால் மந்தமாகிவிடும். புது சீட், புது ஷூ, புது ஷார்ட்ஸ் எதுவும் இந்தச் சமயத்தில் வேண்டாம். பிரேக், டயர், செயின் மூன்றையும் ஒரு வாரம் முன்பே சரிபார்த்து, அதன் பிறகு ஒரு தடவையாவது ஓட்டிப் பாருங்கள்.

அன்று காலை கூட்டத்தின் உற்சாகத்தில் எல்லாரும் வேகமாகக் கிளம்புவார்கள். முதல் 30 கி.மீ.யில் உங்களைத் தாண்டிப் போகிறவர்களைப் போக விடுங்கள். காற்றின் தடையை வெல்லத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக் கணக்கில் ஏறும். 20 சதவீதம் வேகமாகப் போக, காற்றுக்கு மட்டும் முக்கால் மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுதல் சக்தி போகும். அந்தச் செலவு 110ஆவது கிலோமீட்டரில் தெரியவரும். முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிப் போனால் காற்று குறையும் என்பது உண்மைதான், ஆனால் பழக்கமில்லாதவர்கள் நிறைந்த கூட்டத்தில் உங்கள் முன்சக்கரம் அடுத்தவர் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் சற்று விலகினாலே விழுவது நீங்கள்தான். 100க்கும் 130க்கும் நடுவில் ஒரு சோர்வு வரும், எதற்கு இதையெல்லாம் ஒத்துக்கொண்டோம் என்று தோன்றும். அந்த நேரத்தில் முடிவு எதையும் எடுக்காமல் முதலில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் பதினைந்து நிமிடம் மெதுவாக மிதியுங்கள். பெரும்பாலும் அது சர்க்கரைக் குறைவாகத்தான் இருக்கும். முடிந்தால் குடும்பத்தை 120ஆவது கிலோமீட்டருக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் வந்து நிற்கச் சொல்லுங்கள். முடியும் இடத்தில் எப்படியும் கைதட்ட ஆள் இருப்பார்கள்.

மறுநாளைக்கு இப்போதே விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுங்கள். அன்று காலை இருபது நிமிடம் மெதுவாக நடக்கலாம், அல்லது லேசாக மிதிக்கலாம். விரல் மரத்துப்போனது ஓரிரு நாளில் சரியாகும், ஒரு வாரம் தாண்டியும் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பணம் தருவதாகச் சொல்லி இன்னும் அனுப்பாதவர்களுக்கு, முடித்த படத்தோடும் இதுவரை சேர்ந்த தொகையோடும் அந்த வாரமே ஒரு செய்தி அனுப்புங்கள், மறந்திருப்பவர்கள் அப்போது அனுப்பிவிடுவார்கள்.